உறவுசார் தரவுத்தள வடிவமைப்பின் அடிப்படைகள்: சங்கத் தொகை நூல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களின் நூல், எண், புலவர், திணை, துறை ஆகிய செய்திகளை ஒரே அட்டவணையில் தொகுப்பது ஆய்வாளர்களின் பொது வழக்கம். அதனால் விளையும் பிழைகளையும், உறவுசார் வடிவமைப்பு அவற்றைக் களையும் முறையையும், அவ்வடிவமைப்பில் தமிழறிவு பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உறவுசார் தரவுத்தளம், திறவுகோல், சார்பு, இயல்பாக்கம், தொகை நூல்கள்.

முன்னுரை

ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட், 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் உறவுசார் மாதிரியை முன்மொழிந்தார். தரவுகளை அட்டவணைகளாகப் பகுத்து, அவற்றைப் பொது மதிப்புகளின்வழி இணைப்பது இம்மாதிரியின் அடிப்படை. ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே பதிவாக வேண்டும் என்பது இதன் வடிவமைப்பு நெறி.

திறவுகோல்

அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் ஐயமின்றிச் சுட்டும் கூறு முதன்மைத் திறவுகோல் எனப்படும். ‘40ஆம் பாடல்’ என்பது நற்றிணையிலும் உண்டு, குறுந்தொகையிலும் உண்டு. ஆதலின் பாடல் எண் மட்டும் திறவுகோலாகாது. நூலும் எண்ணும் இணைந்தே திறவுகோலாகும்.

இயல்பாக்கத்தின் படிநிலைகள்

முதல் இயல்பு வடிவம், ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இருத்தல் வேண்டும் என்கிறது. புறநானூற்று 2ஆம் பாடலுக்குச் செவியறிவுறூஉ, வாழ்த்தியல் என இரு துறைகள் சுட்டப்படுகின்றன. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால், வாழ்த்தியல் என்னும் மதிப்பை மட்டும் தேடும் வினவலில் இப்பாடல் விடுபடும். எனவே துறைக்குத் தனி அட்டவணை தேவை.

இரண்டாம் வடிவம், திறவுகோலின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்த செய்தியைப் பிரிக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பது நூலை மட்டுமே சார்ந்த செய்தி. அதனை 401 பாடல்களுக்கும் எழுதுவது மிகை. நூல் அட்டவணையில் ஒருமுறை எழுதினால் போதும்.

மூன்றாம் வடிவம், திறவுகோலல்லாத பிறிதொன்றைச் சார்ந்த செய்தியைப் பிரிக்கிறது. ஔவையார் பெண்பாற் புலவர் என்பது புலவரைச் சார்ந்தது, பாடலைச் சார்ந்ததன்று. பாடல்தோறும் புலவர் பெயரை எழுதுமிடத்து, ‘ஔ’ என்னும் ஓரெழுத்து சில வரிசைகளில் ‘ஒ’, ‘ள’ என ஈரெழுத்தாகத் தட்டச்சாகிவிடுவதுண்டு. கண்ணுக்கு வேறுபாடு தோன்றாவிடினும் கணினி அவரை இரு புலவராக எண்ணும். செம்புலப்பெயல்நீரார்க்குக் குறுந்தொகை 40 ஒன்றே பாடல். அவ்வரிசையை நீக்கின் புலவர் பற்றிய பதிவும் உடன் அழியும். புலவர் அட்டவணையைத் தனியே அமைத்து, பாடல் அட்டவணையில் புலவர் எண்ணை அயல் திறவுகோலாக இடுவது இவ்விரு சிக்கல்களையும் தீர்க்கிறது. புலவர் பெயர் அறியப்படாத பாடல்களுக்கு அவ்விடம் வெறுமையாக இருக்கலாம்.

சார்பும் தற்செயலும்

மேற்கண்ட பிரிப்புகள் அனைத்தும் சார்பு என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஒன்றன் மதிப்பு மற்றொன்றன் மதிப்பை எப்போதும் உறுதிசெய்யுமாயின் பின்னது முன்னதைச் சார்ந்தது. இங்கு ‘எப்போதும்’ என்பதே கருதத்தக்கது.

ஐங்குறுநூற்றில் புலவர் ஐவர் திணைக்கு நூறாகப் பாடியுள்ளனர். கபிலர் பாடியது குறிஞ்சி. அந்நூலை மட்டும் நோக்கும் வடிவமைப்பாளர், திணை புலவரைச் சார்ந்தது எனக் கொண்டு அதனைப் புலவர் அட்டவணையில் சேர்த்துவிடக்கூடும். புறநானூற்றைச் சேர்த்தவுடன் அவ்வடிவமைப்பு தகரும். அங்குக் கபிலர் பாரியைப் பாடாண் திணையில் பாடுகிறார்.

அகநானூற்றின் நிலை இதனினும் நுட்பமானது. அதில் ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 முதலியன நெய்தல். இது தற்செயலன்று, தொகுத்தோர் வகுத்த நெறி. எனினும் குறுந்தொகைக்கு இது பொருந்தாது. ஆகவே திணையைப் பாடல் அட்டவணையிலேயே வைத்து, இந்நெறியை அகநானூற்று உள்ளீடுகளைச் சரிபார்க்கும் கட்டுப்பாடாக அமைப்பதே தக்கது. 7ஆம் பாடலுக்கு முல்லை என உள்ளிட்டால் தரவுத்தளமே அதனை ஏற்க மறுக்கும்.

முடிவுரை

இயல்பாக்க விதிகள் பொதுவானவை. சார்புகளோ துறைக்கே உரியவை. கையிலுள்ள தரவு ஒரு சார்பை மறுக்கலாம். அதனை நிறுவ இயலாது. நிறுவுவதற்கு நூலமைப்பு, தொகுப்பு மரபு, திணைக் கோட்பாடு பற்றிய அறிவு வேண்டும். எனவே தரவுத்தள வடிவமைப்பைக் கணினி வல்லுநரிடம் முற்றிலும் ஒப்படைக்காமல், அட்டவணைகள் வகுக்கப்படும் கட்டத்திலேயே தமிழாய்வாளர் பங்கேற்பது இன்றியமையாதது.