நம்பிக்கைகளும் உண்மைகளும்: வெறும் பிக்கப் ஏன் கிரவலில் ஆடுகிறது?

காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் நெல் மூட்டைகளோடு போகும் பிக்கப் ஆடாமல் அசையாமல் போகும். ஆலையில் நெல்லை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது, அதே வீதியில், அதே சாரதியின் கையில், பின்பக்கம் துள்ளும். வளைவில் வால் வெளியே இழுபடும். இதைப் பார்த்துப் பார்த்தே ஒரு நம்பிக்கை ஊறியிருக்கிறது: பாரம் இருந்தால் வண்டி நிலத்தில் ஒட்டும், இல்லாவிட்டால் வழுக்கும், ஆகவே பின்பெட்டியில் நாலு மணல் மூட்டையைப் போட்டால் போதும். கண்ணால் கண்டது சரிதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. அந்தப் பிழை டீசலைத் தின்பதோடு நிற்பதில்லை, வண்டியில் உள்ள உண்மையான கோளாறையும் மூடி மறைத்துவிடுகிறது.

எடை இரண்டு மடங்கானால் ரயருக்கும் நிலத்துக்கும் இடையிலான பிடி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆனால் வளைவில் திருப்ப வேண்டிய, பிரேக் போட்டு நிறுத்த வேண்டிய எடையும் இரண்டு மடங்காகிவிடுகிறதே! வரவும் செலவும் சமன். சரியாகச் சொன்னால் ரயரின் பிடி, ஏறும் எடைக்குச் சற்றுப் பின்தங்கியே ஏறும். அப்படியானால் நெல்லோடு போகும் வண்டிக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது? பின்பக்கத்து ஸ்பிரிங் தகடுகளிலிருந்து. ஹைலக்ஸ், எல்200 போன்றவற்றின் பின் தகடுகள் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை. பெட்டி வெறுமையாக இருக்கும்போது வண்டியின் எடையில் பாதிக்கு மேல் முன் சில்லுகளில்தான் இருக்கிறது. பின் தகடுகள் வளைவதே இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொரு மேட்டிலும் அச்சும் பெட்டியும் சேர்ந்தே எம்புகின்றன. காற்றில் நிற்கும் சில்லுக்குப் பிடி ஏது? பாரம் ஏறியதும் தகடு வேலை செய்யத் தொடங்குகிறது, சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்புவது குறைகிறது. ஆகவே ஆடும் பிக்கப்பைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது அதன் எடை எவ்வளவு என்பதை அல்ல, அதன் சில்லு எவ்வளவு நேரம் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைத்தான். மணல் மூட்டையைப் பின் அச்சுக்கும் பின்னால், கதவோரமாகப் போட்டால் முன்பக்கம் தூக்கப்பட்டு ஸ்டியரிங் இலகுவாகி, வண்டி அலையத் தொடங்கும். உயரமாக அடுக்கிய பாரத்தின் ஆபத்து வேறு. 2016 இல் சுவீடனின் டெக்னிக்கென்ஸ் வேர்ல்ட் சஞ்சிகை, பாரம் ஏற்றிய ஹைலக்ஸ் ஒன்றைச் சடுதியாக விலக்கி ஓட்டும் சோதனைக்கு உட்படுத்தியது. சுமார் 60 கிலோமீற்றர் வேகத்திலேயே அது இரண்டு சில்லில் எழும்பியது.

அடுத்த நம்பிக்கை இதைவிட ஆபத்தானது: வரிவரியாகப் புடைத்துக் கிடக்கும் கிரவலில் வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் நின்றுவிடும் என்பது. இதற்கும் உடம்பறிந்த சான்று உண்டு. அதனால்தான் இதை அசைப்பது கடினம். 30 இல் பல்லை ஆட்டும் வீதி 70 இல் மெத்தென்று ஆகிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 70 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு வினாடிக்கு ஏறத்தாழ 12 தடவை அடிபடும். பிக்கப்பின் அச்சும் சில்லும் தம் இயல்பில் துள்ளும் கதியும் வினாடிக்கு 10 முதல் 15 தடவைதான். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் துள்ளல் உச்சத்துக்குப் போகிறது. 70 இல் அடி வினாடிக்கு 28 ஆகிவிடும். பள்ளத்துக்குள் இறங்கச் சில்லுக்கு நேரமில்லை, முகடுகளை மட்டும் தொட்டுத் தொட்டுப் பறக்கிறது. இருப்பவருக்குச் சுகம். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் நிலமே கிடைக்காது. உலர்ந்த கார்பட் வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்தால் கணக்குப்படி 18 மீற்றரில் நிற்கக்கூடிய வண்டிக்கு, பிடி பாதியாகிவிட்ட தளர்ந்த கிரவலில் 35 மீற்றர் வேண்டும், அதுவும் சில்லு நிலத்தில் இருந்தால். மாடு குறுக்கே வராத வன்னி வீதி எது? ஆட்டத்தை உண்மையாகக் குறைக்கும் வேகம் மறுபக்கத்தில் இருக்கிறது: 15 கிலோமீற்றரில் அடி வினாடிக்கு ஆறுதான், சில்லு ஏறி இறங்கிக் கூடவே வரும். அந்த வரிகளுக்காக ஒப்பந்தகாரரையும் மணல் டிப்பரையும் மட்டும் திட்டுவதும் முழு நியாயமில்லை. 2007 இல் தபெர்லே, மொறிஸ், மக்எல்வெய்ன் என்ற மூன்று ஆய்வாளர்கள், சுழலும் மணல் தளத்தில் ஒற்றைச் சில்லை உருளவிட்டுப் பார்த்தார்கள். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், சில்லுக்கு ஸ்பிரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரிகள் தாமாகவே எழுந்தன.

சில்லை நிலத்தில் வைத்திருக்க மிகவும் மலிவான வழி ரயரின் காற்று. இங்கேதான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன, கராஜிலோ கடைசியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள். பல பிக்கப்புகளில் சாரதி பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் வெறும் வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று இரண்டு அளவுகள் இருக்கும். நெல்லுக்காக இறுக்கிய காற்று வருடம் முழுவதும் அப்படியே கிடக்கிறது. இறுகிய ரயர் பந்துபோல எழும்பும். கோடையில் கிரவலின் களி தூசியாகப் பறந்துபோய், இறுகிய தளத்தின் மேல் உதிரிக்கல் மட்டும் எஞ்சும்போது இது இன்னும் மோசமாகிறது. காற்றைக் குறைத்தால் கல் ரயரின் பக்கத்தை வெட்டிவிடும் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான், மிகவும் குறைத்தால். வெறும் வண்டிக்குரிய அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறக்கி வேகத்தையும் அடக்கி ஓடினால், ரயரின் முகம் கல்லின் மேல் மடங்கிக்கொடுக்கும். இறுகிய ரயரில் அதே கல் குத்தி ஏறும். பயணத்துக்குப் பயணம் காற்றை இறக்கி ஏற்ற யாரால் முடியும் என்று கேட்டால், அதுவும் சரியான கேள்வி. குறைந்தபட்சம் பாரத்தின் அளவிலிருந்து வெறும் வண்டியின் அளவுக்காவது வரலாம். அளப்பது காலையில், ரயர் ஆறியிருக்கும்போது: வெப்பம் ஐந்தரைப் பாகை ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. கூடும், மத்தியானத்தில் பரந்தன் சந்தியில் பார்த்த அளவு பொய் சொல்லும்.

காற்றைச் சரிசெய்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் சொக் அப்சோபரைப் பார்க்க வேண்டும். பம்பரை அமுக்கிவிட்டுப் பார்க்கும் வழக்கம் காருக்கு ஓரளவு பொருந்தும்; பிக்கப்பின் பின் தகடுகள் கையால் அமுக்கினால் அசைய மாட்டா, அதனால் அந்தச் சோதனையில் தேய்ந்ததும் தேறிவிடும். வரி விழுந்த வீதியில் சில கிலோமீற்றர் ஓடிய கையோடு இறங்கி, நான்கையும் கவனமாகத் தொட்டுப் பார்ப்பது மேல். துள்ளலை விழுங்கும் சொக் சூடாகும். மற்றவை சுட, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. நேர் வீதியிலேயே வண்டி அலைந்தால், போல் ஜொயின்ற், டை றொட் முனை, முன் சில்லுகளின் கோணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டி சாய்ந்து நடப்பதுபோலத் தோன்றினால், யூ போல்ட் தளர்ந்ததா, தகடுகளை இறுக்கும் நடு போல்ட் அறுந்து அச்சு நகர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மண் வீதிக்கு எலைன்மென்ற் எதற்கு என்று கேட்பவர்கள், ரயரின் ஓரம் அரம்போலத் தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்த்தால் போதும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளைத்தான் இழுத்து ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே ரயரின் பூ நன்றாகத் தெரிகிறது என்று நம்பாமல், அதன் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்கலாம்: 2316 என்றால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். வெயிலில் இறுகிய ரப்பருக்குக் கல்லோடு மடங்கத் தெரியாது.

ஃபோர்வீல் இருக்கிறதே என்ற துணிச்சல் பாதி உண்மையில் நிற்கிறது. அது சேற்றுக்கு மட்டும் என்பதும் தவறு. வேகக் கியரிலேயே நான்கு சில்லையும் இணைத்தால், உந்து விசை நான்காகப் பிரிந்து, ஆக்சிலேற்றரை மிதிக்கும்போது வால் இழுபடுவது குறையும். பிரேக்குக்கு அது உதவாது; நிறுத்துவதற்கு எந்த வண்டியும் நான்கு சில்லைத்தான் பாவிக்கிறது. ஏ.பி.எஸ். கூடத் தளர்ந்த கிரவலில் நிற்கும் தூரத்தை நீட்டக்கூடும். பூட்டிய சில்லு தன் முன்னால் கல்லைக் குவித்து முட்டுக்கொடுக்கும், ஏ.பி.எஸ். அந்தக் குவியலைச் சேரவிடாது, பதிலுக்கு ஸ்டியரிங்கைக் கையில் விட்டுவைக்கும். நடு டிஃபரென்சியல் இல்லாத வண்டியென்றால், மாங்குளத்தில் ஏ9 இன் கார்பட்டில் ஏறுமுன் இணைப்பை விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வளைவுகளில் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கி, கியர்ப் பெட்டியையும் ரயரையும் சேர்த்து அரைக்கும்.