மொழியறியா நகரில் முதற்பயணம்

நுழையும்முன்

எழுத்தறியாதவர் நாள்தோறும் படும் இடர்ப்பாட்டை, எழுத்தறிந்தவர் அயல்நாட்டில்தான் உணர்கின்றனர். பெயர்ப்பலகை கண்முன் இருக்கும், படிக்க இயலாது. வழி கேட்க ஆளிருக்கும், மொழி இராது. ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் முதன்முறையாகக் கால்பதிப்போர் அறியவேண்டியவற்றையும், புதியவரை அந்நகரம் வழிநடத்தும் பாங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

புறப்படும் முன்

எடோ என வழங்கிய நகரம், 1868ஆம் ஆண்டு ‘கிழக்குத் தலைநகர்’ எனப் பொருள்படும் டோக்கியோ என்னும் பெயரைப் பெற்றது. இன்று அதன் ஆட்சிப்பகுதியில் ஏறத்தாழ 1.4 கோடி மக்கள் வாழ்கின்றனர். அங்கு மணி, இந்திய நேரத்தைவிட மூன்றரை மணிநேரம் முன்னதாக ஓடுகிறது. மின்னழுத்தம் 100 வோல்ட். மின்செருகிகள் இரு தட்டை முனைகள் கொண்டவை. எனவே, அதற்குரிய இணைப்பியை எடுத்துச் செல்லவேண்டும். நம் நாட்டில் எளிதிற் கிடைக்கும் சில சளி மருந்துகளுக்கு அங்குத் தடையுண்டு. மருந்து கொண்டுசெல்வோர் விதிகளை முன்னரே அறிவதும் மருத்துவரின் சீட்டை உடன்வைத்திருப்பதும் இன்றியமையாதன.

எண்ணே எழுத்து

1964ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது, பன்மொழி பேசும் விருந்தினர்க்குச் சொற்களால் வழிகாட்ட இயலாதென உணர்ந்தனர். விளையாட்டுகளையும் கழிப்பறை முதலிய இடங்களையும் எளிய உருவங்களால் சுட்டினர். அதே எண்ணம் தொடர்வண்டி நிலையங்களிலும் தொடர்கிறது. 1927இல் தொடங்கிய கின்சா சுரங்கத் தடத்தின் அசகுசா நிலையத்திற்கு ‘ஜி 19’ என்பது குறியீடு. பெயரைப் படிக்க இயலாதவரும் எழுத்தையும் எண்ணையும் கொண்டு ஊர் சேரலாம். செல்லுமிடத்தின் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நன்று.

யாமனோதே தடம் நகரின் நடுப்பகுதியை வட்டமிடுவது. 30 நிலையங்களைச் சுற்றிவர ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். அதிலுள்ள சின்ஜுகு நிலையத்திற்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. ஆகவே, நிலையத்தின் பெயரோடு வெளியேறும் வாயிலையும் அறிந்திருத்தல் வேண்டும். நள்ளிரவை ஒட்டித் தொடர்வண்டிகள் நின்றுவிடும். மீண்டும் விடியற்காலையில்தான் இயங்கும். கடைசி வண்டியின் நேரத்தை அறியாதவர், வாடகை மகிழுந்துக்குப் பெருந்தொகை செலவிட நேரும்.

பெயரில்லாத் தெருக்கள்

டோக்கியோவின் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை. பகுதி, உட்பகுதி, மனைத்தொகுதி, கட்டடம் என்ற வரிசையில் எண்களால் முகவரி அமைகிறது. தெருப்பெயரைத் தேடுபவர் திகைப்பது இயல்பு. அத்தகையோர்க்கு உதவுபவை ‘கோபான்’ எனப்படும் சிறு காவல் நிலையங்கள். வழி கேட்போர்க்கு அங்குள்ள காவலர் வரைபடம் காட்டி விளக்குவர். தொலைந்த பொருளையும் முதலில் அங்கேயே தேடவேண்டும். கண்டெடுத்து ஒப்படைத்தவர், பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை உரியவரிடம் வெகுமதியாகப் பெற அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது.

பொதுவெளிப் பண்பாடு

பிறர்க்குத் தொல்லை தருவதை ஜப்பானியர் ‘மெய்வாகு’ என்பர். அதனைத் தவிர்ப்பதைக் கடமையாகக் கருதுவர். வண்டிக்குள் கைப்பேசியில் உரையாடுவதில்லை. நகரும் படிக்கட்டில் இடப்புறம் நிற்பது டோக்கியோ வழக்கம். ஒசாகா நகரிலோ வலப்புறம் நிற்பர். உணவகங்களில் அன்பளிப்புப் பணம் தருவதில்லை. 1995ஆம் ஆண்டு சுரங்கத் தொடர்வண்டிகளில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் பல அகற்றப்பட்டன. எனவே, தம் குப்பையைப் பையிலிட்டுத் தங்குமிடத்திற்கே கொண்டுசெல்வர்.

மரக்கறி உண்போர் ஒன்றைக் கருதவேண்டும். காய்கறிச் சாறாகத் தோன்றும் பல உணவுகளுக்கும் உலர்மீன் சீவல் சேர்ந்த ‘தாஷி’ என்னும் சாறே அடிப்படை. “இறைச்சி உண்டா?” என வினவுவது போதாது, மீன் உண்டா என்றும் வினவவேண்டும். ‘ஷோஜின் ரியோரி’ என்னும் பௌத்தக் கோயில் உணவு, மரக்கறி மரபைச் சார்ந்தது.

நிலம் அதிரும்போது

1923 செப்டம்பர் 1 அன்று, நண்பகல் உணவு சமைக்கும் வேளையில் நேர்ந்த பெருநிலநடுக்கத்திலும் அதனால் மூண்ட தீயிலும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள் இன்று பேரிடர்த் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதிர்வு உணரப்பட்டால் பதறி வெளியே ஓடலாகாது. மேசையடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளவேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. காவலுக்கு 110, தீயணைப்புக்கும் மருத்துவ ஊர்திக்கும் 119 ஆகிய எண்களை நினைவிற்கொள்ளவேண்டும்.

வழிகாட்டும் கற்கள்

சென்னை மெட்ரோ நிலையங்களில் காணும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள், பார்வையற்றோர் காலால் தடவி வழியறிய உதவுபவை. இவற்றை உருவாக்கியவர் மியாகே செய்இச்சி என்னும் ஜப்பானியர். 1967இல் ஒகயாமா நகரில் இவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. காண இயலாதவர்க்கு இக்கல்லும், படிக்க இயலாதவர்க்கு எண்ணும் உருவமும் துணைநிற்கின்றன. வழி தெரிந்தவர் எந்நகரிலும் விரைந்து நடப்பர். தெரியாதவரும் அச்சமின்றி நடக்க இடந்தருவதே பெருநகரின் பெருமை. அவ்வாறு இடந்தரும் ஊரின் ஒழுங்கைப் பேணுதல் விருந்தினரின் கடமை.

கற்பவை கற்றபின்

தமிழ் அறியாத ஒருவர் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வந்திறங்கினால், எவரையும் வினவாமல் மருத்துவமனையை அடைய இயலுமா? நேரிற்சென்று கண்டு, தேவையான மாற்றங்களைப் பட்டியலிடுக.