பழைய வேட்டைப் படம் வாங்கப் போகிறீர்களா?

நம்பிக்கை: அந்தக் காலத்துப் படம், கண்ணால் பார்த்து வரைந்தது.

உண்மை: யானைமேல் துப்பாக்கியோடு துரை, எதிரே சீறும் புலி. இந்திய வேட்டைப் படங்களைச் சேர்ப்பவர்கள் முதலில் தேடுவது ‘ஓரியண்டல் ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ்’ நூலின் படங்களைத்தான். லண்டனில் எட்வர்ட் ஓர்ம் 1805 முதல் 1807 வரை வெளியிட்ட இந்நூலில் 40 படங்கள். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த கேப்டன் தாமஸ் வில்லியம்சன் எழுதியது. அவர் கொடுத்த வரைவுகளை வைத்துப் படங்களைத் தீட்டிய சாமுவேல் ஹோவிட் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது! இது புதிதும் அல்ல. குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குப் போன காண்டாமிருகத்தைப் பார்க்காமலே 1515-இல் மரச்செதுக்காக அச்சிட்ட ஓவியர் டியூரர், அதன் முதுகில் இன்னொரு குட்டிக் கொம்பையும் முளைக்க வைத்தார். அழகுக்காக வாங்குங்கள், விலங்கியல் சாட்சியாக வேண்டாம்.

நம்பிக்கை: அடியில் 1806 என்றிருந்தால் 1806-இல் அச்சானது.

உண்மை: அது செப்புத் தகட்டில் வெட்டிய வருடம். தகடு கையில் இருக்கும்வரை, பல வருடம் கழித்தும் அதே தேதியோடு அச்சடிக்கலாம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அக்கால ஆங்கிலேயத் தாள்கள் பலவற்றில் ஆலையின் பெயரும் வருடமும் வாட்டர்மார்க்காகத் தெரியும். படத்தில் 1806, தாளில் 1815 என்றால் அது பிந்தைய அச்சு. விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். ஓரம் வெட்டிய தாளில் வாட்டர்மார்க் போயிருக்கலாம் என்பதால், அது இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து லென்ஸ். இந்தப் படங்கள் அச்சான அக்வாடின்ட் என்னும் செப்புத் தகட்டு முறையில் நிழல் பகுதி ஒழுங்கற்ற நுண்வலை போல இருக்கும். மேலே கையால் தீட்டிய வண்ணம் சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். வரிசை தப்பாத வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆப்செட் நகல். காலண்டர் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

நம்பிக்கை: ஓவியர் கையெழுத்து இல்லையென்றால் போலி.

உண்மை: அச்சுப்படத்தில் பென்சிலால் கையெழுத்திடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன், படத்தின் கீழே இடப்பக்கம் ஓவியர் பெயரும் வலப்பக்கம் தகடு செதுக்கியவர் பெயரும் தகட்டிலேயே இருக்கும். 1806 படத்தில் பென்சில் கையெழுத்து இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நம்பிக்கை: பழுப்புப் புள்ளிகள் பழமையின் அடையாளம்.

உண்மை: ஈரத்தின் அடையாளம். நேற்று அச்சான தாளும் ஈரச் சுவரில் மாட்டினால் நாளடைவில் புள்ளி விழும்.

பணம் கொடுக்குமுன் ஃப்ரேமைக் கழற்றித் தாளின் ஓரத்தையும் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால் வாங்காதீர்கள்.