சுவரின் நிறத்தை மானிட்டரில் பார்ப்பது எப்படி?

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, சுவர் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துவிட முடியுமா? முடியும். ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் கேள்வி. இந்தப் பாடத்தில் ஜிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேரைக் கொண்டு உங்கள் வீட்டு ஹாலின் போட்டோவில் நிறம் பூசிப் பார்க்கப் போகிறோம். மானிட்டர் எந்த இடத்தில் நம்மை ஏமாற்றும் என்பதையும் கூடவே பார்ப்போம். சிவப்பு, நீலம் போன்ற அடர்த்தியான நிறங்களில் சிறிது பிசகினாலும் சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கும். ஆஃப் வொயிட், கிரீம், வெளிர் சாம்பல் என்று மெல்லிய நிறங்களுக்குப் போகும்போதுதான் தொல்லை.

எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானதும், ஹாலுக்கு நிறம் தேர்வு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நீதானே கம்ப்யூட்டர் படிச்சவன், நீயே பாரு" என்று அப்பா சொல்லிவிட்டார். ஆபீஸ் வேலை முடிந்து இரவு 11 மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, ஒரு பெயின்ட் கம்பெனியின் வெப்சைட்டில் சுத்தமான வெளிர் சாம்பல் நிறம் ஒன்றைத் தேர்வு செய்தேன். 20 லிட்டர் வாளி கலந்து வந்தது. இரண்டு கோட் அடித்து முடித்து, மாலையில் ட்யூப் லைட்டைப் போட்டதும் அம்மா கேட்டார்: "என்னடா, சாம்பல்னு சொன்னே, கத்தரிப்பூ கலர்ல இருக்கு?"

உண்மைதான். ஹால் முழுவதும் கத்தரிப்பூ நிறம். நிச்சயதார்த்தத்துக்கு 9 நாட்கள்தான் இருந்தன. கலர் கலந்த பெயின்ட்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கே தவறு நடந்தது?

மறுநாள் பகலில் அதே பக்கத்தைத் திறந்து, அந்த நிறத்தின் எண்களை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு 221, பச்சை 220, நீலம் 226. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலவைதான். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு உண்டு. மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் அது கலப்பில்லாத சாம்பல். மூன்றும் 255 என்றால் வெள்ளை. எண்கள் கொஞ்சம் விலகினால், எது அதிகமோ அந்தப் பக்கம் நிறம் சாய்கிறது என்று பொருள். பெயின்ட் துறையில் இந்தச் சாய்வை 'அண்டர்டோன்' என்பார்கள். என்னுடைய சாம்பலில் நீலம் மற்ற இரண்டையும்விட அதிகம். பச்சைதான் மிகவும் குறைவு. ஆக, ஊதாப் பக்கம் சாய்ந்த சாம்பல்.

அப்படியானால் இரவில் ஏன் அது தெரியவில்லை? விண்டோஸில் 'நைட் லைட்' என்று ஒரு வசதி உள்ளது. கண் கூசாமல் இருப்பதற்காக, இரவானதும் திரையின் நீல ஒளியைக் குறைத்து மஞ்சளாக்கிவிடும். என் லேப்டாப்பில் அது இரவு 8 மணிக்குத் தானாக ஆன் ஆகும்படி வைத்திருந்தேன். நிறத்தில் இருந்த அந்தக் கொஞ்சம் நீலத்தை அது விழுங்கிவிட்டது. இரண்டு வருடங்களாக ஆன் ஆகியே இருப்பதால், அது இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எனவே முதல் வேலை: ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் டிஸ்பிளே சென்று நைட் லைட்டை ஆஃப் செய்யுங்கள். மொபைலில் பார்ப்பவர்கள் 'ஐ கம்ஃபோர்ட்' போன்ற பெயர்களில் இருக்கும் அமைப்பை ஆஃப் செய்துவிட்டு, டிஸ்பிளேயில் 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். விவிட் அமைப்பு எல்லா நிறங்களையும் பளிச்சென்று காட்டும். சினிமா பார்க்க நன்றாக இருக்கும், பெயின்ட் பார்க்க உதவாது.

சாய்வைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம்

ஜிம்ப் சாஃப்ட்வேரை ஜிம்ப்.ஆர்க் என்ற தளத்திலிருந்து இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. 2025-ல் அதன் 3.0 பதிப்பு வந்தது. இன்ஸ்டால் செய்து திறந்ததும், டூல் பாக்ஸில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு நிறக் கட்டங்கள் தெரியும். மேலே உள்ளதைக் கிளிக் செய்தால் நிறங்களுக்கான டயலாக் பாக்ஸ் திறக்கும். அதில் ஆர், ஜி, பி என்ற மூன்று இடங்களிலும் 221, 220, 226 என்று டைப் செய்யுங்கள். (0 முதல் 100 வரை என்ற அளவில் இருந்தால், மேலே உள்ள பட்டனில் 0..255 என்பதைத் தேர்வு செய்யவும்.) பார்த்தால் வெறும் சாம்பலாகத்தான் தெரியும்.

இப்போது அதே டயலாக் பாக்ஸில் எஸ் என்ற ஸ்லைடரைப் பாருங்கள். நிறத்தின் அடர்த்தி அது. சுமார் 3 என்று காட்டும். மவுஸால் பிடித்து 50 வரை இழுங்கள். ஊதா கலந்த நீலம் வெளியே வந்துவிடும்! அடுத்து 236, 232, 222 என்று கொடுத்து அதேபோல் இழுத்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த சந்தன நிறம் வரும். சுவரில் அடித்த பிறகு உங்கள் அம்மா எந்த நிறத்தின் பெயரைச் சொல்லப் போகிறார் என்பது இந்த ஸ்லைடரில் முன்பே தெரிந்துவிடும். நிறத்தை முடிவு செய்வதற்கு முன்பு ஒவ்வொரு ஷேடையும் இப்படி ஒரு முறை இழுத்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு சின்னச் சோதனை. விண்டோஸில் உள்ள பெயின்ட் சாஃப்ட்வேரைத் திறந்து, ஒரு பெரிய மஞ்சள் சதுரமும் பக்கத்தில் ஒரு பெரிய நீலச் சதுரமும் வரைந்து நிரப்புங்கள். இரண்டின் நடுவிலும் 200, 200, 200 என்ற ஒரே சாம்பலில் சிறிய சதுரங்கள் வையுங்கள். மஞ்சளுக்குள் இருப்பது லேசாக நீலம் அடித்தது போலவும், நீலத்துக்குள் இருப்பது மஞ்சள் அடித்தது போலவும் தெரியும். நிறம் ஒன்றுதான், கண்தான் பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பழைய மஞ்சள் சுவரின் மேல் புதுச் சாம்பலை ஒரு கை அகலத்துக்கு அடித்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

போட்டோவில் பூசிப் பார்ப்போம்

சரி, இனி உங்கள் ஹாலுக்கு வருவோம். பகலில், ஜன்னல் திறந்திருக்கும்போது, விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு போட்டோ எடுங்கள். மொபைல் கேமராவில் ஒரு சிக்கல் உண்டு: சுவர் மஞ்சளாக இருந்தால் அதை வெள்ளையாக்கிக் காட்ட அதுவாகவே முயலும். ப்ரோ மோட் இருந்தால் வொயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கான அடையாளத்தில் (சூரியன் படம்) நிறுத்திவிடுங்கள்.

ஜிம்ப்பில் ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்துப் போட்டோவைத் திறக்கவும. கீபோர்டில் எஃப் அழுத்தினால் ஃப்ரீ செலக்ட் டூல் வரும். சுவரின் ஓரங்களில் ஒவ்வொரு மூலையாகக் கிளிக் செய்து, தொடங்கிய புள்ளியிலேயே முடித்து, என்டர் தட்டுங்கள். கதவும் ஜன்னலும் செலக்‌ஷனுக்குள் வராமல் சுற்றிப் போக வேண்டும். பொறுமை தேவைப்படும் ஒரே இடம் இதுதான்.

அடுத்து லேயர் மெனுவில் நியூ லேயர். லேயர் என்பது போட்டோவின் மேல் விரித்த கண்ணாடித் தாள் போன்றது. அதில் எதைப் பூசினாலும் கீழே உள்ள படம் கெடாது. ஃபில் வித் என்ற இடத்தில் டிரான்ஸ்பரன்சி என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். நிறக் கட்டத்தில் உங்கள் ஷேடின் எண்களைக் கொடுத்துவிட்டு, கன்ட்ரோல் கீயுடன் கமா கீயை அழுத்தினால் செலக்ட் செய்த இடம் முழுவதும் நிறம் நிரம்பும். தகரத் தகடு ஒட்டியது போல் அசிங்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம். வலப்பக்க லேயர்ஸ் பகுதியில் மோட் என்பதில் நார்மல் என்று இருப்பதை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். சுவரில் இருந்த நிழலும் வெளிச்சமும் புது நிறத்தின் ஊடாகத் திரும்ப வந்துவிடும்.

பழைய சுவர் வெள்ளையாக இல்லையென்றால் இரண்டு நிறங்களும் கலந்துவிடும். அப்போது முதலில் போட்டோ லேயரைத் தேர்வு செய்து, செலக்‌ஷன் இருக்கும்போதே, கலர்ஸ் மெனுவில் டிசாச்சுரேட் கட்டளையால் சுவரின் நிறத்தை எடுத்துவிடுங்கள். நிறம் பூசிய லேயரை ஷிஃப்ட், கன்ட்ரோல், டி கீகளால் காப்பி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு ஷேடு கொடுத்துவிட்டு, லேயருக்குப் பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தைக் கிளிக் செய்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வீட்டில் எல்லோரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். பத்து ஷேடுகளில் ஏழு அங்கேயே கழிந்துவிடும். கம்ப்யூட்டர் செய்து தரும் உதவி அதுதான். மீதி மூன்றில் எது என்பதை அது சொல்லாது.

ஏன் சொல்லாது? மானிட்டர் தானே ஒளி விடுகிறது. சுவர் வேறு எங்கிருந்தோ வரும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 6500 கெல்வின் எல்இடி ட்யூப் லைட் நீலம் கலந்த வெளிச்சம் தரும். 3000 கெல்வின் பல்பு மஞ்சள் வெளிச்சம் தரும். ஒரே சுவர் இரண்டிலும் இரண்டு விதமாகத் தெரியும். அதோடு அறைக்குள் ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. ஒரு கிரீம் பெயின்ட் சிவப்பு ஒளியில் 100-க்கு 85-ம், நீல ஒளியில் 75-ம் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை திரும்பும்போது நீலம் சிவப்பில் 88 சதவீதம். இரண்டாவது சுவரிலும் பட்டுத் திரும்பினால் சிவப்பு 72, நீலம் 56. அதாவது 78 சதவீதம். சாய்வு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது! ஷேடு கார்டில் மெலிதாகத் தெரிந்த நிறம் நான்கு சுவர்களுக்கு நடுவில் நின்றால் தூக்கலாகத் தெரிவது இதனால்தான். ஷேடு கார்டில் பிடித்ததைவிட ஒரு படி மெலிதானதையே எடுங்கள் என்று பெயின்டர்கள் சொல்வது சும்மா இல்லை.

எங்கள் பெயின்டர் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "தம்பி, கம்ப்யூட்டர்ல பார்த்தது தப்பில்ல. ஒரு அட்டையில அடிச்சும் பார்த்திருக்கலாம்" என்றார். இரண்டாவது முறை அப்படியே செய்தோம். மூன்று ஷேடுகளில் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டு துண்டுகளில் வெள்ளை பிரைமர் மேல் இரண்டு கோட் அடித்தார். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாகவே விட்டார். பழைய சுவரின் நிறம் கண்ணைக் கெடுக்காமல் இருக்க அந்த வெள்ளை உதவும். பலகையை ஜன்னல் பக்கம், எதிர்ச் சுவர், சோபாவின் பின்னால், தரையை ஒட்டி என்று மாற்றி மாற்றி வைத்து, காலை, மதியம், இரவு விளக்கு வெளிச்சம் என்று மூன்று வேளையும் பார்த்தோம். எங்கள் ஹாலில் சிவப்பு ஆக்சைடு தரை. பகலில் அதன் சிவப்பு சுவரின் கீழ்ப் பகுதியில் ஏறுவதை அப்போதுதான் கவனித்தேன். போட்டோவில் அது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாள் பார்த்த பிறகு, 236, 232, 222-க்குப் பக்கத்தில் வரும் ஆஃப் வொயிட்டை அம்மாதான் தேர்வு செய்தார்.

நுணுக்க வேலைகளையும் போட்டோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். தனி லேயரில் சீலிங்குக்குச் சுத்த வெள்ளை, அதாவது 255, 255, 255 பூசிப் பாருங்கள். ஆஃப் வொயிட் சுவர் அதன் பக்கத்தில் அழுக்குப் படிந்தது போல் தெரிந்தால், சீலிங் வெள்ளையையும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் சாய்க்க வேண்டும். சுவிட்ச் பிளேட்டுகளிலும் இதே கதைதான். கதவு நிலை தேக்கு நிறத்தில் இருந்தால் அதன் எண்களில் சிவப்பும் பச்சையும்தான் மேலோங்கும். அதற்குப் பக்கத்தில் நீலம் சாய்ந்த சாம்பல் இன்னும் நீலமாகத் தெரியும், மஞ்சள் சதுரச் சோதனையில் பார்த்தது போல.

பெயின்ட்டின் பளபளப்பை மட்டும் கம்ப்யூட்டரில் பார்க்க முடியாது. மேட் ஃபினிஷ் பட்டியில் உள்ள மேடு பள்ளங்களை மறைக்கும், ஆனால் கைக்கறை எளிதில் போகாது. பளபளப்பு கூடக் கூடக் கழுவ எளிது, ஆனால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில் ஒவ்வொரு பட்டிக் கோடும் தெரியும். நாங்கள் ஹாலுக்கு மேட், சமையலறைக்கும் கதவு நிலைகளுக்கும் பளபளப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு வேலை முடிந்தது. மிச்சமிருந்த கத்தரிப்பூ பெயின்ட் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவருக்குப் போனது. நிச்சயதார்த்தப் போட்டோக்களில் ஹால் வெறும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. போட்டோகிராபரின் கேமராவும் மொபைலைப் போலவே சரிசெய்துவிட்டது.

கடைசியாக ஒரு வேலை. நோட்பேடைத் திறந்து, ஒவ்வொரு அறைக்கும் ஷேடு எண், பெயின்ட் வகை, ஃபினிஷ், வாளியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண், வாங்கிய தேதி ஆகியவற்றை டைப் செய்து, ஜிம்ப் ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் சேவ் செய்யுங்கள். ஒரே ஷேடு எண்ணாக இருந்தாலும் பேட்ச் மாறினால் நிறத்தில் லேசான வித்தியாசம் வரலாம். அதனால் ஆணி பிடுங்கிய இடத்தில் டச்சப் செய்வதற்காக அதே வாளியிலிருந்து அரை லிட்டரை ஒரு சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, மேலே அறையின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.