சின்ன ஓட்டையும் பால் பல்லும்

ராஜா அண்ணாமலைபுரம்

அன்புள்ள மாணவிக்கு,

"இதயத்தில் பெரிய ஓட்டை உள்ள குழந்தைக்குத்தானே சார் எண்டோகார்டைட்டிஸ் வரும்?" என்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து கேட்டு எழுதியிருந்தாய். இல்லையம்மா. டாக்டர்களே இப்படி நம்புவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மேலறைச் சுவரில் ஓட்டை பெரிதாக இருந்தாலும் இரு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ரத்தம் மெதுவாகக் கடக்கும். அங்கே எண்டோகார்டைட்டிஸ், அதாவது கிருமியால் வரும் இதய உள்ளுறை அழற்சி, மிக அபூர்வம். கீழறைச் சுவரின் சின்ன ஓட்டையிலோ ரத்தம் பீய்ச்சியடிக்கும். தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பார், புரியும்.

1963-ல் சைமன் ராட்பார்ட் செய்த சோதனையைத் தேடிப் படி. கிருமி வளர்க்கும் அகார் கூழில் ஒரு குழாய், நடுவில் ஓர் இடுக்கு. கிருமி கலந்த காற்றை அதற்குள் செலுத்தினார். கிருமிகள் எங்கே குடியேறின தெரியுமா? வேகம் பிறக்கும் முன்பக்கத்தில் அல்ல. இடுக்கைத் தாண்டியதும் அழுத்தம் விழுகிற இடத்தில். கீழறை ஓட்டையில் வலப்பக்கமும், பிறந்த பிறகும் மூடாத டக்டஸ் ரத்தக்குழாயில் நுரையீரல் தமனி முனையும் ஏன் புண்ணாகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. எக்கோ பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழாயை நினைத்துக்கொள்.

சரி, கிருமி எங்கிருந்து வருகிறது? பல நேரம் வாயிலிருந்து. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். 2007-ல் அமெரிக்க இதயச் சங்கம், பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்றது. சின்ன ஓட்டை அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் படித்துவிட்டுப் பல்லையே மறந்தவர்கள் உண்டு! தினமும் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் கிருமி ரத்தத்தில் கலப்பதால், ஒருநாள் மாத்திரையைவிட வாய்ச் சுத்தம்தான் முக்கியம் என்பதே சங்கத்தின் வாதம்.

இன்னொன்று, காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை. 1911-ல் நியூயார்க்கில், இதே நோய் கண்ட இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் ரத்தத்தில் கிருமியை வளர்த்துக் கண்டுபிடித்தார்கள். கொடுக்க மருந்து இல்லை. இன்று மருந்து நிறைய. ரத்தக் கல்ச்சரில்தான் பல நேரம் எதுவும் வளர்வதில்லை. இரண்டு நாள் மாத்திரை அதைக் கெடுத்துவிடுகிறது.



ஓட்டையுள்ள குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று கல்ச்சர் எடு. குழந்தை துவண்டிருந்தால் மூன்றையும் சட்டென எடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கு. முதல் எக்கோவில் ஒன்றும் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்