எந்தப் பக்கம் திரும்புகிறார்?

பெறாமகளே,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை வெறும் சந்தோஷத்தில். நம் குடும்பத்தில் இன்னொருவருக்கும் ஐஸ் ஹொக்கிப் பைத்தியம் பிடித்துவிட்டதே! இரண்டாம் முறை சிவப்புப் பேனாவோடு. ரஷ்யாவில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு நட்சத்திரம் 'திரும்பி வருகிறார்!' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் அவர் எந்த ஊரில் கையெழுத்துப் போட்டிருப்பாரோ. ரொறொன்ரோவில் தமிழ்ப் பத்திரிகைக்கு ஹொக்கி எழுதி, விடக்கூடிய பிழைகளையெல்லாம் விட்டுப் பார்த்தவன் நான். அந்த உரிமையில் சில சொல்கிறேன்.

1. முதலில் தலைப்பில் இருக்கும் ஆச்சரியக்குறியை எடு. 2011 ஜூன் கடைசியில் நானும் ஒன்று போட்டேன். யாரோமிர் யாகர் மூன்று வருடம் ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரில் அவன்கார்ட் அணிக்கு ஆடி முடித்திருந்த நேரம். வயது முப்பத்தொன்பது. வட அமெரிக்காவின் என்.எச்.எல் லீக்குக்குத் திரும்பப் போகிறார் என்று பேச்சு. பிற்ஸ்பேர்க் பெங்குவின்ஸ் அணியில் பதினெட்டு வயதில் சேர்ந்து, 1991இலும் 1992இலும் ஸ்டான்லி கிண்ணம் தூக்கியவர். வேறு எங்கே போவார்? 'பிள்ளை வீடு திரும்புகிறது!' என்று எழுதினேன். வியாழக்கிழமை அச்சான பத்திரிகை வெள்ளிக்கிழமை காலை தமிழ்க் கடை வாசல்களில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜூலை 1. அன்றுதான் யாகர் 3.3 மில்லியன் டொலருக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டார், பிலடெல்பியாவோடு. பிற்ஸ்பேர்க்குக்குப் பரம எதிரி அந்த அணி. மரக்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டதும், "அண்ணை, உங்கட பிள்ளை பக்கத்து வீட்டுக்குள்ள போட்டுதாம்" என்றார். கையில் எடுத்த முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

2. வதந்தியைக் கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படி. இலியா கோவல்சுக் விஷயத்தில் இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 2010இல் நியூ ஜேர்சி டெவில்ஸ் அணியோடு பதினைந்து வருடம், 100 மில்லியன் டொலர் என்று கையெழுத்திட்டவர். 2013 ஜூலையில், இன்னும் பன்னிரண்டு வருடமும் 77 மில்லியனும் பாக்கி இருக்க, என்.எச்.எல்லிலிருந்து ஓய்வு என்று அறிவித்துவிட்டு சென் பீற்றர்ஸ்பேர்க்கின் எஸ்.கே.ஏ அணிக்குப் போனார். அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் 'வருகிறார், வருகிறார்' என்ற செய்தி வரும். நானும் இரண்டு தடவை எழுதினேன். அப்படி ஓய்வு அறிவித்தவர் முப்பத்தைந்து வயதுக்கு முன் நினைத்த அணியில் சேர்ந்து மீண்டும் ஆட முடியாது என்ற விதி எழுத்தில் இருந்தது. அதை நான் தேடிப் பார்க்கவே இல்லை. 2018 ஏப்ரல் 15 அவருக்கு முப்பத்தைந்து. அந்தக் கோடையில்தான் லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணியோடு மூன்று வருடத்துக்கு ஒப்பந்தமானார். ஒரு கலண்டரும் ஒரு விதிப்புத்தகமும் கையில் இருந்திருந்தால் இரண்டு கட்டுரைகளின் வெட்கம் மிச்சமாகியிருக்கும்.

3. மே, ஜூன் மாதங்களில் காதைக் கொஞ்சம் மூடிக்கொள். ரஷ்யாவின் கே.எச்.எல்லில் காகரின் கிண்ணம் வசந்தத்தில் முடிந்துவிடும். இங்கே ஒப்பந்தச் சந்தை வழக்கமாக ஜூலை 1 திறக்கும். இடையில் முகவர்களுக்கு வேறு வேலை இல்லை. 'கதவு திறந்தே இருக்கிறது' என்று முகவர் சொன்னால், அந்தக் கதவைக் காட்டி இன்னொரு கதவில் விலை பேசுகிறார் என்று வைத்துக்கொள்.

4. பிள்ளை, இது கொஞ்சம் கடுமையாக இருக்கும். உன் மூன்றாவது பத்தியில் அந்த ஆட்டக்காரரைப் 'பணத்துக்காக ஓடிய துரோகி' என்று எழுதியிருக்கிறாய். விளையாட்டுப் பக்கத்தில் எல்லா மொழிக்காரரும் எழுதுகிற சொல்தானே என்பாய். தமிழில், அதுவும் நம் ஊர்த் தமிழில், அந்தச் சொல் என்னவெல்லாம் செய்தது என்று உன் அப்பாவிடம் ஒரு நாள் ஆறுதலாகக் கேள். அதை ஹொக்கிக்குக் கடன் கொடுக்காதே. பணத்துக்காகப் போனார் என்றால் 'பணத்துக்காகப் போனார்' என்று எழுது, போதும். மணிக்கு ஐம்பது சதம் கூடக் கிடைக்கிறது என்று நானும் ஒரு தொழிற்சாலையை விட்டு இன்னொன்றுக்குப் போனவன்தான். சொல்லாமல் கொள்ளாமல் போனேன், அதுதான் பிழை. ஆறு மாதத்தில் புதிய இடத்தில் ஆட்குறைப்பு. பழைய இடத்துக்குப் போய் நின்றபோது மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. என் இடத்தில் நின்றுகொண்டிருந்த பையனைக் கைகாட்டினார், அவ்வளவுதான். போனதைவிடப் போன விதம்தான் ஆளுக்கு முன்னால் வந்து நிற்கும். டெவில்ஸ் ரசிகர்களின் கோபமும் நியாயமானதுதான். கோவல்சுக் போன கணக்கில் அந்த அணிக்கு வருடம் 250,000 டொலர் சம்பள வரம்பில் வெட்டு விழுந்தது, 2025 வரை. அந்தக் கோபத்தை எழுது. தீர்ப்பை எழுதாதே.

5. 'திரும்புதல்' என்றால் யாருக்கு, எந்தப் பக்கம்? இதைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதே. எனக்கு இது விளங்க வெகுகாலம் எடுத்தது.

கோவல்சுக் பிறந்தது மொஸ்கோவுக்கும் பீற்றர்ஸ்பேர்க்குக்கும் நடுவே உள்ள த்வேர் நகரில். கார் விபத்தில் 1981இல் இறந்துபோன வலேரி கார்லாமோவின் நினைவாக 17ஆம் இலக்கத்தை முதுகில் சுமந்தவர். 2013இல் அவர் போனதை நாங்கள் 'விட்டுப் போனார்' என்று எழுதினோம். த்வேரில் உள்ள ஒரு கிழவிக்கு அது பிள்ளை வீட்டுக்கு வந்த வருடம். 2018இல் 'திரும்பி வந்தார்' என்று நாங்கள் கொண்டாடினோமே, அது அவள் கணக்கில் மறுபடியும் பிரிவு. உலகத்தின் நடு இங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதினால் இதெல்லாம் கண்ணில் படாது.

போர்நிறுத்தத்தில் பாதை திறந்த பிறகு, 2003இல் பதினேழு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். விமானச் சீட்டு வாங்கியபோது இங்கே எல்லோரும் "ஊருக்குத் திரும்பிப் போறியளோ?" என்று கேட்டார்கள். ஊரில் ஒழுங்கையில் கால் வைத்ததும் பக்கத்து வீட்டு ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "எப்ப வந்தனீ தம்பி, எப்ப திரும்பிப் போறாய்?" இரண்டு பக்கமும் எனக்குத் திரும்புதல்தான். அல்லது இரண்டு பக்கமும் இல்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லை எழுதும்போது பேனா ஒரு நிமிடம் நின்றுதான் போகும்.

6. வந்த ஆளை உடனே அளக்காதே. கால்களுக்கு நேரம் கொடு. என்.எச்.எல் அரங்கு 85 அடி அகலம், ஏறக்குறைய 26 மீற்றர். கோவல்சுக் ஆடிய காலத்து ரஷ்ய அரங்குகள் பலவும் சர்வதேச அளவில் 30 மீற்றர் அகலமானவை. நாலு மீற்றர்தானே என்று நினைப்பாய். அந்த நாலு மீற்றரில்தான் ஒரு ஆட்டக்காரர் பக்கை வாங்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பார். இங்கே யோசிப்பதற்குள் ஒருவன் தோளால் இடித்துப் பலகையோடு சாத்திவிடுவான். கிங்ஸில் முதல் பருவத்தில் கோவல்சுக் 64 ஆட்டங்களில் 16 கோல். அடுத்த பருவத்தில் வெளியே உட்கார வைத்து, 2019 டிசம்பரில் ஒப்பந்தத்தையே முடித்துவிட்டார்கள். 'முடிந்தது கதை' என்று எழுதினேன். அடுத்த மாதம் மொன்றியல் அணி அவரைச் சிறு தொகைக்கு எடுத்தது. 22 ஆட்டங்களில் 13 புள்ளி, அதில் மேலதிக நேர வெற்றிக் கோல்களும் உண்டு.

ஊரில் எங்கள் கிணற்றடியில் எனக்கும் இதுதான் நடந்தது. குளிக்கப் போனேன். கை தன்பாட்டில் தலைக்கு மேலே எழும்பித் துலாக்கயிற்றைத் தேடியது. துலா இல்லை. கிணற்றுக்கட்டில் ஒரு நீர்ப்பம்பி உட்கார்ந்திருந்தது. கை அந்தரத்தில் நிற்க, அண்ணனின் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்று நாள் அந்தக் கை மேலே போய்ப் போய் வந்தது.

7. ஒருவர் இரண்டு தடவைகூடத் திரும்பலாம். அலெக்சாண்டர் ராடுலோவ் 2008இல், நாஷ்வில் அணியோடு ஒப்பந்தத்தில் ஒரு வருடம் பாக்கி இருக்கவே ஊஃபா நகருக்குப் போனார். 2012 மார்ச்சில் வந்து கடைசி ஒன்பது ஆட்டங்கள் ஆடினார், நல்லாகவே ஆடினார். ஊர் தோளில் தூக்கியது. பிறகு பீனிக்ஸ் அணியோடான பிளேஓஃப் தொடரில், இரண்டாம் ஆட்டத்துக்கு முந்தைய இரவு இன்னொருவரோடு நேரம் கடந்து வெளியே இருந்தார் என்று அணியே அவரை மூன்றாம் ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டது. தொடரும் போனது, அவரும் மொஸ்கோவுக்குப் போய்விட்டார். 'இனி இந்த ஆளை யாரும் தொடமாட்டார்கள்' என்று நான் எழுதியது இப்போதும் கோப்பில் இருக்கிறது. 2016இல் மொன்றியல் அவரை ஒரு வருடத்துக்கு எடுத்துப் பார்த்தது. 54 புள்ளி. பக்கை யாராலும் எடுக்க முடியாதபடி பலகையோரம் மல்லுக்கட்டுகிற ஆட்டம். அடுத்த வருடம் டலஸ் ஐந்து வருடத்துக்கு 31.25 மில்லியன் கொடுத்தது. அந்த ஐந்து வருட ஒப்பந்தத்தையும் முடித்துவிட்டுத்தான் போனார். இருபத்தைந்து வயதுக்காரனின் ஒரு இரவை வைத்து அவனுடைய முப்பது வயதை எழுதாதே, குஞ்சு. என்னை என் இருபத்தைந்தாம் வயதை வைத்து யாராவது எழுதியிருந்தால் உன் பெரியம்மா என்னைக் கட்டியிருக்கமாட்டாள்.

8. திரும்பாதவர்களையும் ஞாபகம் வைத்துக்கொள். யாகர் ஓம்ஸ்குக்குப் போன முதல் இலையுதிர்காலம், 2008 ஒக்டோபர் 13. அவரோடு ஒரே வரிசையில் ஆடிய அலெக்ஸி செரெபானோவ், பத்தொன்பது வயது, ஆட்டத்தின் நடுவே வாங்கில் வந்து உட்கார்ந்து சரிந்தான். இதயம். நியூ யோர்க் ரேஞ்சர்ஸ் அணி முந்தைய வருடமே அவனைத் தெரிவு செய்து வைத்திருந்தது. அவன் வரவே இல்லை. 2011 செப்டம்பர் 7, யாரோஸ்லாவ்ல் அணி சென்ற விமானம் விழுந்து 44 பேர் போனார்கள். வன்கூவரில் ஆடிவிட்டுப் போன பாவொல் டெமித்ரா அதில் ஒருவர். யாகர் பிலடெல்பியாவோடு கையெழுத்திட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இறந்தவர்களில் அவரைப் போலச் செக் நாட்டுக்காரர் மூவர். 'ரஷ்யாவுக்குப் போய் உல்லாசமாக இருந்தார்' என்று எழுதக் கை வரும்போது இதை நினை.

9. இனி உன் கட்டுரை. முதல் பத்தி நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே. இரண்டாம் பத்தியில் 'தகவலறிந்த வட்டாரங்கள்' யார்? உன் தோழியின் அண்ணன் என்றால் வெட்டு. புள்ளிவிவரம் பாதி போதும். வராமலே போனாலும் வாசிக்கக்கூடிய கட்டுரையாக எழுது.

10. யாகர் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். 2011 டிசம்பரில் பிலடெல்பியா உடுப்போடு பிற்ஸ்பேர்க் அரங்குக்குள் வந்தபோது, பக்கைத் தொடும் ஒவ்வொரு தடவையும் கூச்சல். அவர் கோலும் அடித்தார். என் தலைப்பை மெய்யென்று நம்பியவர்கள் போலத்தான் அந்தச் சனம் கத்தியது. எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு அவர் எங்கெங்கோ ஆடினார். 2016இல் மார்க் மெஸ்ஸியரைத் தாண்டி, மொத்தப் புள்ளிகளில் கிரெட்ஸ்கிக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். 2024 பெப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்ஸ்பேர்க் அணி அவருடைய 68ஆம் இலக்கத்தை அரங்கின் கூரைக்கு ஏற்றியது. ஐம்பத்திரண்டு வயதில், முடி நரைத்து, ஆட்டத்துக்கு முந்திய பயிற்சியில் அந்தப் பழைய அணியோடு சறுக்கிச் சுற்றி வந்தார். அதே ஊர் எழுந்து நின்று கத்தியது. நான் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் பெரியம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

ஆட்டம் முடிய எழுந்து போய் அலுமாரியில் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். 'பிள்ளை வீடு திரும்புகிறது!' பன்னிரண்டு வருடம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். அந்த நறுக்கை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மடித்த இடத்தில் கிழியப் பார்க்கும், பார்த்துப் பிரி.

அன்புடன்,
பெரியப்பா