அவர் ஏன் மாறிப்போனார்? – மூளையும் அணு மருத்துவப் படமும்



மருத்துவமனைப் போதகரிடம் நோயாளிகளைவிட அவர்களுடைய வீட்டாரே அதிகமாகக் கேள்வி கேட்பார்கள். அப்படி ஒரு தாயார் கேட்ட கேள்வியே இந்தப் பாடத்துக்குக் காரணம்.

அவருடைய கணவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பல ஆண்டுகள் தம் சபையின் பொருளாளராக இருந்து, ஒரு காசு பிசகாமல் கணக்கு ஒப்புவித்தவர். ஓய்வு பெற்ற சில மாதங்களில் அவருடைய நடத்தை மாறத் தொடங்கியது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்த பலகாரத்தை எடுத்துத் தின்றார். பெண்களிடம் கூசும்படியான வார்த்தைகளைப் பேசினார். சொந்த அண்ணனின் அடக்க ஆராதனையில் சிரித்துக்கொண்டு நின்றார். காணிக்கைப் பணத்தை எடுத்து மிட்டாய் வாங்கினார். ஆனால் ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே இதை நோய் என்று ஒருவரும் நினைக்கவில்லை. கமிட்டியார் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். சிலர் தீய ஆவி என்றார்கள். நானும் அவரை அழைத்துக் கண்டித்து, மனந்திரும்ப வேண்டும் என்று புத்தி சொன்னேன். "சரி ஐயா" என்று தலையசைத்துவிட்டு, என் மேஜையின்மேல் இருந்த பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டார்.

நான் கண்டித்தது ஒரு நோயாளியை. இதை அறிய எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. மற்றவர்கள் அதே தவறைச் செய்யாதபடி, மருத்துவர்கள் எனக்கு விளக்கியதை எளிய முறையில் இங்கே எழுதுகிறேன்.

1. கையைத் தலையில் வைத்துப் பாருங்கள்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடை உள்ளது. உடல் எடையில் இது சுமார் 2 சதவீதமே. ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய உணவு குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

பெருமூளை வலது, இடது என இரண்டு பாதிகளாக உள்ளது. ஒவ்வொரு பாதியிலும் நான்கு மடல்கள் உண்டு. உங்கள் கையை நெற்றியில் வையுங்கள். அதற்குப் பின்னால் இருப்பது நெற்றி மடல். திட்டமிடுவது, பொறுத்திருப்பது, "இது தகாது" என்று நம்மை நாமே தடுப்பது ஆகியவை பெரும்பாலும் இதன் வேலை. காதுக்கு மேலே, பொட்டுப் பக்கம் இருப்பது பொட்டு மடல்; கேட்டதைப் புரிந்துகொள்வதற்கும் புதியவற்றை ஞாபகத்தில் பதிப்பதற்கும் இது தேவை. தலையின் உச்சியில் சற்றுப் பின்னால் உச்சி மடல்; தொடுவுணர்வும், இடமும் திசையும் அறிவதும் இதைச் சேர்ந்தவை. பின்மண்டையில் பிடரி மடல். கண் பார்ப்பதை உணர்வது இங்கேதான். இவற்றுக்குக் கீழே, உடலின் அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையும், மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டும் உள்ளன.

2. ஒரு கடப்பாரை கற்பித்த பாடம்

நெற்றி மடலுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு உணர்த்தியது ஒரு விபத்து. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைக்கும்போது வெடிமருந்து திடீரென வெடித்தது. ஃபினியஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் கையிலிருந்த, மூன்றரை அடிக்கும் அதிக நீளமுள்ள இரும்புக் கடப்பாரை, இடது கன்னத்தின் கீழே நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. ஆச்சரியமாக, அவர் பிழைத்தார், நடந்தார், பேசினார். ஆனால் பொறுப்புள்ளவர் என்று பேரெடுத்தவர், இப்போது பொறுமையற்றவராகவும் வாய்க்கு வந்தபடி பேசுகிறவராகவும் மாறிப்போனார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜான் ஹார்லோ எழுதிவைத்தார். பிற்காலத்தில் கேஜ் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதும் நாம் மறக்கக்கூடாத செய்தி. ஒழுங்கான வேலையும் பழகிய வழக்கமும் அவருக்கு உதவியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள்.

கேஜுக்குக் கடப்பாரை செய்ததை, சிலருக்கு ஒரு நோய் சத்தமின்றி மெல்ல மெல்லச் செய்கிறது. 1892இல் பிராக் நகரில் ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் இத்தகைய நோயை விவரித்தார். இன்று இதற்கு ஃப்ரன்டோ-டெம்போரல் டிமென்ஷியா என்று பெயர். நெற்றி மடலும் பொட்டு மடலின் முன்பகுதியும் தேய்ந்துபோவதே இந்நோய். பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. ஞாபக மறதி முதலில் வருவதில்லை. குணமாற்றமே முதலில் வருகிறது.

3. சுவரைக் காட்டும் படம், விளக்கைக் காட்டும் படம்

தலைமையாசிரியருக்கு முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். வயதுக்கேற்ற சிறு மாற்றங்களே உள்ளன என்று அறிக்கை வந்தது. "பாருங்கள், மூளை நன்றாகத்தானே இருக்கிறது! வேண்டுமென்றே செய்கிறார்" என்றார்கள் உறவினர்கள்.

சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஒரு வீட்டின் சுவர்களையும் அறைகளையும் காட்டுவதுபோல மூளையின் வடிவத்தைக் காட்டுகின்றன. அந்த அறைகளில் விளக்கு எரிகிறதா என்பதைக் காட்டுவது அணு மருத்துவப் படம். சுவர் இடிவதற்கு முன்பே விளக்கு மங்கத் தொடங்கலாம்.

இந்த முறையின் வேர், மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளை அடையாளமாக அனுப்பி, அது போகும் வழியைப் பின்தொடர்வதாகும். இதை உருவாக்கியதற்காக ஜார்ஜ் டி ஹெவிசிக்கு 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூளைக்கு உணவு சர்க்கரை என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசியில் செலுத்துகிறார்கள். உழைக்கும் செல்கள் இதைச் சர்க்கரை என்று எண்ணி உள்ளே இழுக்கின்றன. ஆனால் முழுவதும் எரிக்க முடியாததால் அது உள்ளேயே தங்கிவிடுகிறது. அங்கிருந்து வெளிப்படும் பாசிட்ரான், அருகிலுள்ள எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக நிற்கும் கருவி இவற்றை ஒரே நொடியில் பிடித்துப் படமாக்குகிறது. இதுவே பெட் ஸ்கேன். எங்கே அதிகச் சர்க்கரை சேர்ந்ததோ அந்த இடம் பிரகாசமாகத் தெரியும்.

1976 ஆகஸ்டில் இந்த மருந்து முதன்முறையாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, விமானத்தில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஃபுளோரின்-18 ஏறக்குறைய 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும், ஆகவே அவசரம். நம் நாட்டில் 2002இல் மும்பையில் இதற்கான முதல் மருத்துவ சைக்ளோட்ரான் செயல்படத் தொடங்கியது.

ஸ்பெக்ட் என்ற இன்னொரு முறையும் உண்டு. அதில் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறையும் டெக்னீசியம்-99எம் பயன்படுகிறது. காமா கேமரா தலையைச் சுற்றிவந்து, மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்று காட்டும்.

4. படம் சொல்வதும் சொல்லாததும்

அல்சைமர் நோயில் உச்சி மடலும் பொட்டு மடலும், மூளையின் நடுக்கோட்டின் பின்பகுதியும் மங்கித் தெரிவது வழக்கம். லூயி பாடி டிமென்ஷியா என்ற நோயில் பிடரி மடலும் மங்கலாம். நம் தலைமையாசிரியரின் படத்திலோ பின்பகுதி பிரகாசமாக இருந்தது. நெற்றிப் பக்கம் இருண்டிருந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனெனில் அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் இந்நோய்க்குப் பயன்படுவதில்லை. சிலருக்குக் குழப்பத்தை அதிகரிக்கவும் செய்யும்.

ஆனாலும் படம் மட்டும் போதாது. ஆரம்ப நிலையில் படம் இயல்பாகத் தோன்றலாம். மனச்சோர்வும் படத்தை மாற்றலாம். ஆகவே மருத்துவர் வீட்டாரின் வாய்மொழியைக் கேட்டு, நோயாளியைச் சோதித்து, எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்கிறார். படம் சர்க்கரையின் செலவைத்தான் காட்டுகிறது. ஒருவரின் அன்பையோ உள்ளத்தையோ அது அளப்பதில்லை.

இன்னொன்று: எடுத்தவுடன் பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, தலையில் அடிபட்டதால் மெதுவாகச் சேரும் இரத்தக்கட்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவையும் குணத்தையும் அறிவையும் மாற்றலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. சாதாரண இரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனுமே முதல் படி.

5. ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு

மருத்துவமனையார் சொல்லும் நேரம்வரை, பொதுவாக 4 முதல் 6 மணி நேரம், தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக்கூடாது. இரத்தத்தில் சர்க்கரை அதிகமாயிருந்தால் அது மருந்தோடு போட்டியிட்டுப் படத்தைக் கெடுக்கும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஊசி போட்டபின் மங்கலான அறையில் பேசாமல், படிக்காமல் அமைதியாக இருக்கச் செய்வார்கள். பேசினால் பேச்சுக்கான பகுதியும், பார்த்தால் பார்வைக்கான பகுதியும் அதிகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் அல்லவா! ஸ்கேன் முடிந்தபின் நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கவேண்டும். அன்று சில மணி நேரம் கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் நெருங்கி இருக்கவேண்டாம்.

முடிவாக

அறிக்கையை மருத்துவர் விளக்கியபோது நானும் கூட இருந்தேன். அந்தத் தாயார் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படின்னா அவங்க வேணும்னு செய்யலையா, ஐயா?" என்று கேட்டார். "இல்லையம்மா" என்றேன். அப்போதுதான் அவர் அழுதார். நான் அவரிடமும், அவர் கணவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் வீடு மாறியது. ஓய்வூதியக் கணக்கைத் தாயார் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பணம் கண்ணில் படாதபடி வைக்கப்பட்டது. தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே வழியில் மாலை நடை. அவரை நீக்கிய கமிட்டியார் ஒரு ஞாயிறு மாலை வந்து அவரோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களுடைய தட்டிலிருந்த முறுக்கையும் எடுத்துத் தின்றார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

எல்லாக் குற்றமும் நோயல்ல. ஆனால் வாழ்நாளெல்லாம் ஒழுங்காக இருந்தவர் நடுவயதுக்குமேல் வேறு மனிதராக மாறினால், தீர்ப்புச் சொல்லுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சிந்தித்துப் பேச:

1. நம் சபையில் அல்லது தெருவில், "மாறிப்போனார்" என்று நாம் ஒதுக்கிவைத்தவர் யாராவது உண்டா?

2. அவரைப் பராமரிக்கிறவர் ஒரு மாலையாவது இளைப்பாற நாம் என்ன செய்யலாம்?